போகாமல் வந்த பட்டம்

ஜெனோவா முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்ட செய்தி, காலை ஏழேகாலுக்கு, வாய் நிறைய பற்பசை நுரையோடு அவள் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. வடகடல் பல்கலைக்கழகம், கடலுயிரியல் துறை, முதல் வகுப்பு. அது இருக்கும் நாட்டை அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள்.

செய்தியின் கடைசி வரியைப் படித்ததும் நுரையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டாள். 'தங்கள் படிப்பு நிறைவடைந்துவிட்டதால் மாணவர் விசா தேவைப்படாது. விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாட்களுக்குள் நேரில் தெரிவிக்கலாம்.'

மூன்று வாரங்களுக்கு முன்புதான் சென்னை விசா மையத்தில் தலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். காகிதங்களைப் பார்த்து விசா கொடுத்த காலம் மலையேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது குல்லாய் உங்கள் நினைவுகளையும் குணத்தையும் அளந்து கணினிக்குள் உங்கள் நகலாக ஒரு படியாளை உருவாக்கும். முன்வாழ்வி என்கிற இயந்திரம் அந்தப் படியாளை ஒரு கணக்கிட்ட உலகத்தில் இறக்கி, படிக்கப் போகும் இரண்டு ஆண்டுகளையும் வாழவைக்கும். பதினோரு நிமிடத்தில் அறுநூறு தடவை. படிப்பு முடிந்ததும் படியாள் சொந்த ஊருக்குத் திரும்பினால் உங்களுக்கு விசா. அங்கேயே யாரையாவது காதலித்துத் தங்கிவிட்டால் இல்லை. ஜெனோவாவின் படியாள் அறுநூறு தடவையும் ஒழுங்காகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அது ஜெனோவாவின் படியாள் அல்லவா, சும்மா இருக்குமா? ஆய்வேட்டையும் எழுதி முடித்துவிட்டது. பல்கலைக்கழகம் திருத்திப் பார்த்தது. நன்றாகவே இருந்தது. விடுதி அறை மிச்சம், ஆசிரியர் நேரம் மிச்சம். படியாள் தேறினால் ஆளுக்குப் பட்டம் என்று போன வாரம்தான் விதியை மாற்றியிருந்தார்கள்.

அவள் அப்பா லூர்துராஜ், துறைமுகத்தில் படகு என்ஜின் பழுதுபார்ப்பவர், பத்து மணிக்கெல்லாம் பட்டத்தை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

"படிச்சாச்சுல்லா? பெறவு எதுக்குட்டி அங்க போய்க் குளிருல நடுங்கணும்?"

"நான் எங்கப்பா படிச்சேன்? அதுல்லா படிச்சிருக்கு! எனக்கு ஒரு எழுத்து தெரியாது."

"இங்க உள்ளவன்லாம் தெரிஞ்சுக்கிட்டா பட்டம் வாங்குதான்?"

ஜெனோவாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் கூட்டம் கரைக்கு வந்து அனல்மின் நிலையத்தின் தண்ணீர்க் குழாயை அடைத்து, ஊர் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. ஏன் வந்தது என்று அவள் கேட்காத ஆளில்லை. யாருக்கும் தெரியவில்லை. அந்த இனத்தின் தாய்வீடு வடகடல். அங்கே போய், அந்தத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பத்து ஆண்டுகளாக அவளுடைய ஒரே ஆசை. அந்த ஆசையை இப்போது வேறொன்று அவள் பெயரிலேயே அனுபவித்துவிட்டது.

படியாளின் ஆய்வேட்டை வரவழைத்து வரி வரியாகப் படித்தாள். அவளுடைய நடை, அவள் வழக்கமாகச் செய்யும் பிழைகள்கூட அப்படியே இருந்தன. முடிவுரையில் துணிந்து ஒரு கணிப்பு: வடகடலின் ஹெல்மன் விரிகுடாவுக்குள் அடுத்த பத்து ஆண்டுகளுக்குச் சொறிமீன் கூட்டம் வராது.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. ஹெல்மன் விரிகுடா முழுக்கச் சொறிமீன். கப்பல்கள் நகர முடியாமல் நிற்கின்றன.

"கெளம்புங்கப்பா, சென்னைக்கு" என்றாள் ஜெனோவா. ஐந்து நாட்களில் அப்போதுதான் அவள் சிரித்தாள்.

விசா மையத்தின் மேல்முறையீட்டு அலுவலர் தாட்சாயணி நெற்றியைச் சுருக்கியபடி செய்தியையும் ஆய்வேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மேடம், உங்க மிஷினுக்குள்ள இருக்குற கடல் நீங்க போட்டு வச்ச கடல்" என்றாள் ஜெனோவா. "உங்களுக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் அதுல இருக்கும். எனக்கு வேண்டியது யாருக்கும் தெரியாதது. அதை உள்ள ஒக்காந்துகிட்டு எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? போய்ப் பாக்கணும்."

தாட்சாயணி நியாயமான மனுஷி. ஆய்வேட்டை மூடி வைத்தார்.

"ஒத்துக்கிறேன். ஆய்வேடு செல்லாது. பட்டமும் செல்லாது."

"சட்டம் போட்டாச்சே" என்று லூர்துராஜ் முணுமுணுத்தார். யாரிடமாவது காட்டலாம் என்று அதைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார்.

"அப்ப விசா?" என்றாள் ஜெனோவா.

"அங்கதான் சிக்கல். நீங்க திரும்பி வருவீங்கன்னு சொன்னதும் அதே மிஷின்தானே? கடலைப் பத்தித் தெரியாத மிஷினுக்கு உங்களைப் பத்தி மட்டும் எப்படித் தெரியும்? நீங்க வருவீங்கங்கிறதுக்கு இப்ப எங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்லை."

ஜெயித்த வாதமே காலை வாரிவிடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விசா இல்லையென்றால் இடம் போய்விடும்.

தாட்சாயணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுப்பேறிய படிவம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். "முன்னெல்லாம் நாங்களே கேப்போம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் கேக்கறேன். ஜெனோவா, படிப்பு முடிஞ்சதும் திரும்பி வருவீங்களா?"

சொல்ல வேண்டிய பதில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். லூர்துராஜ் மேசைக்கடியில் மகளின் காலை மிதித்தார். 'வருவேன்' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவளே சொன்னது அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்கினாள்.

"தெரியல மேடம். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"கெடுத்தியே" என்று லூர்துராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

தாட்சாயணி திரையைப் பார்த்தார். "உங்க படியாள்கிட்டயும் இதே கேள்வியக் கேட்டிருக்கோம். அறுநூறு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு 'வருவேன்'னு சொல்லியிருக்கு." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. தெரியாததைத் தெரியலன்னு சொல்ற ஆளை நம்பலாம்."

மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினார்.

ஜெனோவா வெள்ளிக்கிழமை விமானம் ஏறினாள். தாட்சாயணி மேலிடத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி முன்வாழ்வியை நிறுத்த அனுமதி வாங்கினார். இனி மனிதரை மனிதரே கேட்பது என்று முடிவாயிற்று. பத்திரிகைகள் ஜெனோவாவின் பதிலை, எச்சில் விழுங்கியதையும் சேர்த்து, கொட்டை எழுத்தில் போட்டன.

அடுத்த மாதம் நேர்காணல்கள் தொடங்கின. முதலில் வந்தவர் ஒரு கட்டடப் பொறியாளர்.

"திரும்பி வருவீங்களா?"

அவர் எச்சிலை விழுங்கினார். "தெரியல மேடம். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

தாட்சாயணிக்கு மனம் நிறைந்தது. இரண்டாவதாக வந்த பெண்ணும் அதையே சொன்னாள். ஏழாவது ஆள் வரும்போது, எச்சில் விழுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஒன்றுபோல இருந்ததை அவர் கவனித்தார். மதியம் டீ குடிக்க வெளியே வந்தவருக்கு எதிர்க் கட்டடத்தில் தொங்கிய பேனர் கண்ணில் பட்டது: 'விசா நேர்காணல். உண்மையான தயக்கத்துக்கு உத்தரவாதம். பத்தே நாள் பயிற்சி.'

டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து, முன்வாழ்வியின் மேலிருந்த உறையை உருவினார். காத்திருந்த எட்டாவது ஆளுக்குக் குல்லாயை மாட்டிவிட்டார். படியாள் உருவாகி, இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, கேள்வியின் முன்னால் வந்து நின்றது.

அறுநூறு தடவையும் அது எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னது: "தெரியல மேடம். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."