எல்லோருக்கும் வாழ்த்துகள்

சித்தியின் புது வீடு பாலத்திலிருந்து ஏழாவது என்று மனைவி மாக்டெல்ட் சொல்லியிருந்தாள். வீபெ இரண்டு முறை எண்ணினான். இரண்டு முறையும் அந்த வரிசையில் ஆறு வீடுகள்தான் இருந்தன. மூன்றாவது முறை ஏழு இருந்தன.

அதை யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போயிருந்தது. கால்வாயோரத் தெருக்கள் எல்லாம் ஒருவழி. ஒவ்வொரு பாலத்திலும் சுற்றுலா வந்தவர்கள் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு நகர மறுத்தார்கள். நவம்பர் மாதம், மூன்றரை மணிக்கே வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. அழுகிய இலையும் ஈரச் செங்கல்லும் எங்கோ சுடும் வாஃபிளின் வெண்ணெயும் கலந்த வாடை, தண்ணீரின் மேல் அசையாமல் கிடந்தது.

போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"வாசல்ல."

"நிஜமாவா? இல்ல, வழக்கம்போல வாசலா?"

"நிஜமாத்தான்டி. கண்ணெதிர்ல கதவு."

"அப்ப உள்ள போ, திறந்துதான் இருக்கும். பூக்கடையில இன்னும் நாலு பேர் எனக்கு முன்னாடி. வீபெ, எங்க சித்திக்கு இன்னிக்கு எண்பதாவது பிறந்தநாள். போன வருஷம் மாதிரி என்னைத் தனியா உக்கார வெச்சா, ராத்திரி நான் உன்கூட வீட்டுக்கு வரமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"போறேன், போறேன்."

நடை குறுகலாக இருந்தது. கொக்கிகளில் மேல்கோட்டுகள் தொங்கின. அவற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று மழையே பெய்யவில்லை.

கூடத்தில் வட்டமாக நாற்காலிகள். பதினோரு பேர் மடியில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. ஒவ்வொரு வருடமும் எல்லோரும் கிளம்பிய பிறகுதான் அவன் போய்ச் சேர்வான். இன்று தப்பு நடக்கக் கூடாது. இந்த ஊர் வழக்கத்தில் பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்தினால் போதாது. வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, அவரவர் அக்காவுக்காக, அத்தைக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்காக அவர்களையும் வாழ்த்த வேண்டும். ஒருவரை விட்டாலும் பேச்சாகிவிடும்.

கதவருகே இருந்த கிழவரிடமிருந்து ஆரம்பித்தான்.

"வாழ்த்துகள்."

"உங்களுக்கும்."

கை சில்லென்று, நனைந்த தோல் பையைப் போல இருந்தது. அடுத்தவளின் கையும் அப்படியே. மூன்றாவதும். யாரும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஐந்தாவது கையில் அவன் விரல்கள் மரத்தன. எட்டாவதில் முழங்கை. நிறுத்த நினைத்தான். கை தானாக நீண்டது.

பதினொன்று.

சித்தி இல்லை.

வீடு மாறி வந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"வாழ்த்துகள்" என்றது வாய்.

இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் அவன் கால்கள் அவனை உட்கார வைத்தன. யாரோ மடியில் கோப்பையை வைத்தார்கள். உள்ளே பச்சைத் தண்ணீர். ஒரு இலை.

நடையில் காலடி. அவனுக்குத் தெரிந்த காலடி.

வேண்டாம்.

"மன்னிச்சுக்கங்க, பூக்கடையில ஒரே கூட்டம்!" மாக்டெல்ட் கை நிறையப் பூவோடு வாசலில் நின்றாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பல மாதங்களாக அவன் பார்க்காத மலர்ச்சி.

"அட! எனக்கு முன்னாடியே வந்துட்டியா?"

ஓடு என்று கத்தினான்.

"வாழ்த்துகள்."

"சரிடா, அவசரப்படாத. வரிசையா கைகொடுத்துட்டு வர்றேன்."

கிழவரிடம் கையை நீட்டினாள்.

மூன்றாவது ஆளிடம் சிரிப்பு நின்றது. ஆறாவதில் பூக்கள் கீழே விழுந்தன. அவள் குனிந்து பார்க்கவில்லை. ஒன்பது. பத்து. அவள் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

பதினொன்று.

அவன் முன்னால் வந்து நின்றாள். புதிய ஆளைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தாள். கை நீட்டினாள். கை சில்லென்றிருந்தது.

"வாழ்த்துகள்" என்றாள். "உங்க மனைவிக்காக."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.