லாரிக்கு முன்னால் நின்றவர்

லாரியை இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேதாசலம் வீட்டை ஒட்டிய காலி மனையில், மதிற்சுவரைப் பார்த்தபடி அதை நிறுத்தினார்கள். மலைமேல் மாலைப் பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. யுத்த காலத்து மிலிட்டரி லாரி அது. கனகம்மாசத்திரத்தில் ஒரு புளியமரத்தடியில் பல வருஷம் கிடந்ததில் டயர்கள் மண்ணில் புதைந்து போயிருந்தன. எஞ்சினுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது.

“இந்தக் கெழவிக்குப் பவுடர் பூசி கண்ணாலமா பண்ணப்போற, மாப்ள?” என்று சிரித்தார் ஜெகநாதன். லாரிக்குச் சொந்தக்காரர், வேதாசலத்தின் மனைவி சந்திராவுக்கு உடன்பிறந்த அண்ணன்.

“ஓட வெச்சுக் காட்றேன், அப்புறம் பேசுங்க பாவா.”

லாரி ஓடினால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. முன்பு ஜெகநாதனுக்கு மணவாளன் என்றொரு கூட்டாளி இருந்தார். ரேணிகுண்டாவில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாக ஜெகநாதன் சொல்லியிருந்தார். மைத்துனர் சொல்லை வேதாசலம் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் அவர் லாரிக்கு அடியில் படுத்துவிடுவார். எஞ்சினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார். துருவைச் சுரண்டினார். உளுத்துப் போன கேபினை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்தார். ஸ்டார்ட்டர் மட்டும் கருகிப்போயிருந்தது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் சொருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் லாரிக்கு முன்னால் நின்று, “நியூட்டரா?” என்று கேட்பார். உள்ளே இருப்பவர் கியர் எதிலும் மாட்டவில்லை என்று கம்பியை ஆட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கியரில் இருந்தால், எஞ்சின் கிளம்பியதும் லாரி முன்னால் நிற்பவர் மேல் பாயும். உள்ளே இருப்பவரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் வெளியே இருப்பவர் குனிகிறார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் சந்திரா கேபினுக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேதாசலம் கடைக்குப் போயிருந்தார். காற்றே இல்லை. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது.

“நியூட்டரா?”

ஆண் குரல். லாரிக்கு முன்னாலிருந்து.

கண்ணாடி வழியே பார்த்தாள். சுவரும் வெயிலும் மட்டுமே இருந்தன.

“நியூட்டரா... பாத்து சொல்லுங்க.”

ஒருமுறை ஏமாந்தவரின் குரல் அது. இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லாமல் போவது பாவம் என்று நினைப்பவள் அவள். கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். தளர்வாக ஆடியது.

“ஆங், நியூட்டர்தாங்கண்ணா. பயப்படாதீங்க.”

முன்னால் ஒரு நீண்ட பெருமூச்சு.

முன்னால் சொருகியிருந்த ஹேண்டில் தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

வேதாசலம் திரும்பி வந்து, அவள் சொன்னதைக் கேட்டு, ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார். கைப்பிடியில் வியர்வை ஈரம் இருந்தது.

மறுநாள் அவர் முன் பம்பரைக் கழற்றினார். அது நடுவில் உள்வாங்கியிருந்தது. அதன் இடுக்கில் செங்கல் தூளும், கிழிந்த காக்கிச் சட்டைத் துணி ஒன்றும் சிக்கியிருந்தன.

“பாவா, மணவாளன் அண்ணன் காய்ச்சல்லதான் போனாரா?”

ஜெகநாதன் பீடியைப் பற்றவைத்தார். “வேற எப்படிப் போவான்?”

அதற்கு அடுத்த நாள் தங்கைக்குப் பூவும் பாதுஷாவும் வாங்கி வந்தார். என்றைக்கும் வாங்கி வராதவர். “இன்னிக்குக் கிருத்திகை. நல்ல நாளு, ஸ்டார்ட் பண்ணிடலாம் மாப்ள. நான் உள்ள குந்திக்கிறேன்” என்றார்.

பம்பரை மாட்டிவிட்டு வேதாசலம் ஹேண்டிலைச் சொருகினார். முதுகுக்குப் பின்னால் மதிற்சுவர். சந்திரா வாசற்படியில் நின்றிருந்தாள்.

“நியூட்டரா, பாவா?”

“நியூட்டர்தான். சுத்து.”

சுற்றினார். ஒரு முறை. இரண்டு முறை. எஞ்சின் இருமியது.

“இல்லீங்க.”

அவர் காதருகே யாரோ சொன்னார்கள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் கணமே, குளிர்ந்த கை ஒன்று அவர் தோளைப் பற்றிப் பக்கவாட்டில் வீசியது.

லாரி பாய்ந்து சுவரில் மோதி நின்றது.

புழுதி அடங்கியதும் ஜெகநாதன் இறங்கி ஓடிவந்தார். “ஐயோ மாப்ள, கியர்ல இருந்ததப் பாக்கலியே!”

வேதாசலம் தரையில் கிடந்தபடியே அவரைப் பார்த்தார். கோபம் வரவில்லை.

“சும்மா கியர்ல இருந்தா ஹேண்டில் இவ்ளோ லேசா சுத்தாது பாவா. லேசா சுத்துச்சே. கிளச்ச மிதிச்சுக்கினு இருந்தீங்க. எஞ்சின் பிடிச்சதும் கால எடுத்தீங்க.”

ஜெகநாதன் ஓரடி பின்னால் வைத்தார்.

“அவரையும் இப்படித்தானா?”

“பங்கப் பிரிச்சுக் குடுன்னான்” என்றார் ஜெகநாதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அண்ணா!” என்றாள் சந்திரா.

அவர் திரும்பவில்லை. நகரி போகும் சாலைப் பக்கம் வேகமாக நடந்துபோனார்.

வேதாசலம் நடந்ததைச் சொல்லக் காவல் நிலையத்துக்குப் போனார். சந்திரா மலையேறி, மணவாளனுக்காகச் சாமி கும்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பினாள். கொண்டுவந்த விபூதியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து லாரியின் பம்பர் மேல் வைத்தாள்.

“என் வீட்டுக்காரர காப்பாத்தினீங்க. எடுத்துக்கங்கண்ணா.”

விபூதியில் மூன்று விரல் தடம் விழுந்தது. ஒரு சிட்டிகை மேலே எழுந்து, ஓர் ஆளின் நெற்றி உயரத்தில் மூன்று கோடுகளாக நின்றது.

அவள் அழுதுகொண்டே கைகூப்பினாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எங்க அண்ணன மன்னிச்சுடுங்க.”



அந்த மூன்று கோடுகளும் மெல்ல உதிர்ந்தன. துகள் துகளாக, ஒன்றுகூட மிச்சமில்லாமல், இலைக்கே திரும்பி வந்தன. வாங்கிக்கொண்டதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.