ஜன்னலோரத் தட்டு

தனியாக வந்த குவபாராவுக்கு விடுதி வாசலில் இரண்டு ஜோடி அறைச்செருப்பு எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாவது ஜோடி ஈரமாக இருந்தது.

சென்ற குளிர்காலத்தில் இந்தக் கடலோர விடுதியைப் பற்றிப் பயண இதழில் அவன் எழுதிய வரி: 'இங்கே கடலே பரிமாறுகிறது.' அந்த வரிக்காக டோக்கியோவில் விருந்து வைத்துப் பாராட்டினார்கள். கடல் எதையும் பரிமாறவில்லை. ஜன்னலோரம் ஆளில்லாமல் இருந்த உணவுத்தட்டைப் படம் எடுத்தான், வாசனை இழுத்தது, உட்கார்ந்து தின்றுவிட்டான்.

கடலுக்குப் போன விடுதிக்காரர் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று அவர் இடத்தில் மனைவி தினமும் வைக்கும் சாப்பாடு அது. இன்று மாலை பேருந்து ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது. அவன் தின்ற அன்றைக்கே படகு காணாமல் போனதும்.

"யாரோ பத்திரிகைக்காரனாம். அவன் நல்லா இருப்பானா, சொல்லுங்க," என்றிருந்தார் ஓட்டுநர்.

மாட்டான் என்பதுபோல் குவபாரா தலையசைத்து வைத்தான்.

மன்னிப்புக்கான வாக்கியம் தயாராக இருந்தது. அதிலும் ஓர் உவமை நுழைந்திருந்தது.

சாப்பாட்டறையில் ஒசாகாவிலிருந்து வந்த தம்பதி வாதாடிக்கொண்டிருந்தார்கள். "ஜன்னல் தட்டு எங்களுக்குன்னு போன்லயே சொன்னோமே?"

"மன்னிக்கணும். இன்னைக்கு மட்டும் முடியாது," என்று குனிந்தாள் விடுதிக்காரி ஷிகெனோ. விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். கட்டுரை வந்த நாளிலிருந்து யார் யாரோ வந்து அவள் கணவரின் சோற்றைத் தின்றுபோயிருந்தார்கள்.

"நண்டாவது உண்டா?" என்றபடி தம்பதி மாடியேறினார்கள்.

சுட்ட மீனின் மணத்துக்கு அடியிலிருந்து நனைந்த கயிற்றின் வாடையும் டீசல் வாடையும் மெல்லக் கசிந்து வந்து பாய்விரிப்பில், திரையில், அவன் சட்டைக் கழுத்தில் படிந்துகொண்டிருந்தன. ஷிகெனோ ஜன்னலோரம் ஒரு தட்டும் அவன் முன் ஒன்றும் வைத்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும், எழுத்தாளரய்யா. ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டீங்க. சமைச்சவளுக்கு அதைவிட என்ன வேணும்?"

உவமை மறந்துபோயிற்று. வாக்கியமும்.

"சூப்புக் கிண்ணத்து மூடியில நீர் கோத்திருந்தா, ஆள் உயிரோட இருக்கார்னு அர்த்தம்," என்றாள். "நீங்க சாப்பிட்ட நாள்லேர்ந்து காஞ்சே கிடந்துச்சு."

ஜன்னலோரக் கிண்ணத்தைத் திறந்தாள். மூடியிலிருந்து நீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"உங்களதையும் திறங்களேன்."

கிண்ணம் விரலைச் சுட்டது. ஆவி கண்ணை மறைத்தது. மூடியைத் திருப்பினான். துளி இல்லை. தடவிப் பார்த்தான். வழவழப்பு. காய்ந்த அரக்குப் பூச்சு.

"சாப்பிடுங்க," என்றாள் ஷிகெனோ.

அவனிடம் அல்ல.

ஜன்னலோரத் தட்டில் உணவுக்குச்சிகள் தாமாக எழுந்தன. மெல்லும் சத்தம். அவசரமில்லாமல். அங்கே ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும், இங்கே குவபாராவின் தொண்டையில் குளிர்ந்த உப்புநீர் ஒரு மடக்கு ஏறியது.