மேகம் அசையாத ஒன்றரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு டோக்கியோவில் ரயில்கள் எல்லாம் நின்றன. இனி மூன்றரைக்குத்தான் நகரும். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்கள். அதே வேளையில் நைரோபியில் ஓர் அறுவை மருத்துவர் கையைக் கழுவிவிட்டு, கத்தியைத் தொடாமல் காத்திருந்தார். லண்டனில் விமானங்கள் ஓடுதளத்தில் படுத்துக் கிடந்தன.

உலகம் இதற்கு 'அசையா நேரம்' என்று பெயர் வைத்திருந்தது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம். கிழமைக்குக் கிழமை மணி மாறும். அந்த நேரத்தில் காற்று தாறுமாறாக அடிக்கும், கப்பல் ஆடும், எடுத்த காரியம் கெடும். நான்கு வருடப் புள்ளிவிவரம் அப்படித்தான் சொன்னது.

சென்னையில் அப்போது மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன நேரம் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்காட்டி அச்சடிப்பவர்கள், இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானியின் படத்தையே அட்டையில் போட்டு, 'ராகு காலம்: விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று சிவப்பு எழுத்தில் விற்றுத் தீர்த்தார்கள்.

அந்தப் படத்தில் இருந்தவள் முனைவர் எழிற்கோதை. பாவம், அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிட்டவர் கிடையாது. அப்பா, வீம்புக்கென்றே ராகு காலமாகப் பார்த்து மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். நாட்காட்டி வெளியான நாளிலிருந்து அவர் மகளோடு பேசுவதில்லை. அது அவளை உள்ளுக்குள் தின்றது.

நடந்தது இதுதான். துருவத்தின் குளிர்காலத்தில் சூரியனே கிடையாது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை இல்லாததால், அங்கே பனிப்படிக மேகம் வெறும் கம்பளி. நிலத்தின் வெப்பத்தை விண்வெளிக்குத் தப்ப விடாமல் பொத்தி வைக்கும். அந்தக் கம்பளியை விலக்கத்தான் 'மேகத் திருத்திகள்' வந்தன. ஆயிரக்கணக்கான ஆளில்லா எந்திரங்கள் பறந்து போய் ஒருவகைப் பொடியைத் தூவும். நுண்ணிய படிகங்கள் பெருத்து, கனம் தாங்காமல் உதிர்ந்துவிடும். வானம் திறக்கும், வெப்பம் கிளம்பிப் போகும். பூமியின் காய்ச்சல் இருபது வருடமாகக் கட்டுக்குள் இருப்பது இவற்றால்தான்.

எப்போது தூவுவது என்று முடிவு செய்வது 'நடுவன்' என்ற கணிப்பொறி. அது நம்பியிருந்தது அண்டார்டிகாவின் கடற்கரையில் இருந்த வெண்முகில் நிலையத்தை. அங்கிருந்து ஒன்றரை மணிக்கு ஒன்றாக, நாளுக்குப் பதினாறு பலூன்கள் கதிரளவியைச் சுமந்துகொண்டு மேகத்துக்குள் ஏறும். மேகம் எவ்வளவு வெப்பத்தைக் கீழே திருப்புகிறது என்று அளந்து சொல்லும்.

ஐந்து வருடத்துக்கு முன் எழிற்கோதை இந்த அளவீடுகளில் ஓர் அதிசயத்தைக் கண்டாள். தினமும் ஒரே ஒரு பலூன் நேரத்தில் மட்டும் மேகம் இம்மியும் மாறவில்லை. தடிமன், படிக அளவு, வெப்பம், எல்லாம் முந்தைய பலூன் சொன்னதேதான், கடைசிப் புள்ளி வரைக்கும். இப்படி அச்சு அசலாக இருந்தால் சாதாரண எழுத்தருக்கே சந்தேகம் வரும். விஞ்ஞானிக்குப் பெருமிதம்தான் வந்தது. 'ஏழுநாள் அலை' என்று பெயரிட்டு எழுதினாள். நடுவன் அதைப் படித்து, அசையாத மேகத்துக்குப் பொடி எதற்கு என்று யோசித்து, அந்த நேரத்தில் இரு துருவங்களிலும் திருத்திகளை நிறுத்தியது. அவ்வளவுதான், மற்ற நாற்பது நிலையங்களிலும் அந்த நேரத்தில் ஏதேதோ கோளாறு தென்பட்டது. கோட்பாடு மெய்ப்பட்டது என்று விருது கொடுத்தார்கள்.

ஆனால் மேகத்துக்குக் கிழமை எப்படித் தெரியும்? வானத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவது எதுவும் இல்லை. வரும் திங்கட்கிழமை காலை, இந்திய நேரம் ஆறு மணிக்கு, உலகக் குளிர்ப்பேரவை கூடி, அசையா நேரத்தை நிரந்தரச் சட்டமாக்கப் போகிறது. அதற்குள் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, ராகுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிறுவிவிட வேண்டும். அதற்காகத்தான் எழிற்கோதை வெண்முகில் நிலையத்துக்கே வந்து இறங்கியிருந்தாள்.

வந்த மறுநாள் வெள்ளி. இந்திய நேரப்படி பத்தரை மணிக்குப் பலூன் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஆவுடையப்பன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், ஒன்பது குளிர்காலமாக அங்கே பலூன் விடுபவர். நிலையம் முழுவதும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

"அண்ணாச்சி, பத்தரை பலூன் போகலையா?"

"பன்னெண்டுக்குப் போவும் மேடம். உக்காருங்க, டீ குடிக்கியளா?"

"பத்தரைக்கு?"

"இப்பம் நேரம் சரியில்லைல்லா."

எழிற்கோதை மேசையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்தாள். ஒன்பது மணி வரிசையில் அளவீடுகள். பத்தரை மணி வரிசையில், முத்து முத்தான கையெழுத்தில், 'மேற்படி'. முந்தைய நாள் பக்கம், ஒன்றரை மணி வரிசை, மேற்படி. போன மாதம், போன வருடம், மேற்படி, மேற்படி. நிலையத்தின் கணிப்பொறி குறிப்பேட்டைப் படித்து, அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் மேலே இருந்த எண்ணை ஒழுங்காக நிரப்பி உலகத்துக்கு அனுப்பியிருக்கிறது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விருது ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, ராகு காலம்னா சூரிய உதயத்துலேர்ந்து கணக்கு. இங்க சூரியனைப் பாத்தே ஒரு மாசம் ஆச்சு! எந்த ராகு, என்ன காலம்?"

"அதுக்குத்தான மேடம் ஊரு நேரம் பாக்கேன். இங்கத்த கணக்கு கட்டுபடி ஆவுமா? நேரா துருவத்துல பகலு ஆறு மாசம். அதுல எட்டுல ஒரு பங்கு இருவத்திரெண்டே முக்கா நாளு. அத்தன நாளும் சும்ம இருந்தா சோறு போடுவாவளா?"

கணக்கில் பிழை இல்லை என்பதுதான் அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது. பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். மேற்படியால் அலை வந்தது, அலையால் திருத்திகள் நின்றன, நின்றதால் காற்று கெட்டது, டோக்கியோவில் ரயில் நிற்கிறது.

அண்ணாச்சி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நாலு வருசமா அந்த நேரத்துல காத்து பேயாட்டம் ஆடும்போதெல்லாம், பாத்தியா ராகு வேலைய காட்டுதான்னு நெனச்சிட்டிருந்தேன். அப்பம் அது ராகு இல்லியா? நாந்தானா?"

"நீங்கதான்."

"அட கிரகமே!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஐம்பத்திரண்டு வருடப் பயம் அந்தச் சிரிப்போடு அவரை விட்டுப் போயே போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் எழிற்கோதை பேரவைத் தலைவியோடு திரையில் பேசினாள். தலைவி நார்வே நாட்டுக்காரர், பெயர் அஸ்ட்ரிட். மொழிபெயர்ப்புப் பொறி அவர் பேச்சைச் சுத்தத் தமிழில் சொன்னது.

"நாற்பது நிலையங்களின் நான்கு ஆண்டுச் சான்று ஒரு பக்கம். ஒருவர் தேநீர் குடித்தார் என்ற கதை ஒரு பக்கம். அம்மா, நாங்கள் அறிவியலை நம்புகிறவர்கள். தயவுசெய்து உங்கள் ஊர் நம்பிக்கைகளை இங்கே கொண்டுவராதீர்கள்."

பிறந்ததிலிருந்து அவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொன்ன முதல் ஆள் அந்த அம்மாள்தான். எழிற்கோதைக்கு முகம் சிவந்தது. இரக்கப்பட்டோ என்னவோ, அஸ்ட்ரிட் ஒரு சலுகை கொடுத்தார். வெண்முகில் நிலையத்திலிருந்து அசையா நேரத்தில் எடுத்த ஒரே ஓர் உண்மையான அளவீடு வந்தால் போதும். வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, அந்த நேரத்திலும் திருத்திகளை ஓட்டிப் பார்க்கலாம்.

சனிக்கிழமைக்கு உரிய நேரம் காலையிலேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு.

ஞாயிறு நாலு மணிக்கே அண்ணாச்சி தயார். தடித்த அங்கிக்குள் உற்சாகமாக ஏதோ முனகிக்கொண்டு பலூனில் வாயு நிரப்பினார். நாலரைக்குத் திருத்திகள் நின்றன. பத்து நிமிடத்தில் நட்சத்திரங்கள் மறைந்தன. கடற்கரை மேல் மேகக் கம்பளி மூடிக்கொண்டு கதகதப்பேற்ற, உள்நாட்டுப் பனிமேடு திறந்த வானத்தின் கீழ் விறைத்துக் கிடந்தது. அங்கிருந்த குளிர்காற்று சரிவில் இறங்கி ஓடிவந்தது. காற்றுமானி அறுபது காட்டியது, பிறகு தொண்ணூறு. கொட்டகையின் இரும்புக் கதவு உறுமத் தொடங்கியது.

பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது எட்டு நடந்துபோய்த்தான் விட வேண்டும். அறை அளவுப் பலூன். இந்தக் காற்றில் அது ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். எத்தனை மணிக்குக் காற்று உச்சம் தொடும் என்றுகூட எழிற்கோதைக்குத் தெரியும். விருது வாங்கிய சமன்பாடு அவளுடையதுதானே. ஐந்து பத்துக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். ஆறு மணிவரை குறையாது.

அந்த ஒரு அளவீடு கிடைத்தால் ரயில்கள் ஓடும். அப்பா பேசுவார். கிடைக்காவிட்டால் நாளை காலை அது சட்டம், உலகத்தின் எல்லாக் கடிகாரங்களிலும். அண்ணாச்சி ஒரு கையில் பலூன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளைப் பிடித்தார். எழிற்கோதை ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"வேணாம் அண்ணாச்சி."

"நாப்பது எட்டுதான மேடம். ஓடிப்போயி விட்டுட்டு வந்திருதேன்."

"ஆறு மணிக்கு மேல போகலாம்."

"ஆறுக்கு மேல என்ன பிரயோசனம்? இந்த நேரத்துலதான கேக்காவ?"

"இந்த நேரத்துல வெளிய போகக் கூடாது. போனா உயிரோட திரும்ப மாட்டீங்க. சொன்னாக் கேளுங்க, ப்ளீஸ்!"

அண்ணாச்சி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது.

"என்ன மேடம் இது? எம்புட்டுப் படிச்சிருக்கிய! நீங்களே இதெல்லாம் பாக்கலாமா?"

எழிற்கோதை கதவில் சாய்ந்தபடியே, மணி ஆறாகட்டும் என்று நின்றாள்.