நடித்துக் காட்டாத சாவு

இடுப்பு வலி உயிரை வாங்கியது.

இயக்குநர் ரைன்ஹோல்ட் குவாஸ்ட் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். முடியவில்லை.

எதிரே, பத்தடி தூரத்தில், போலி வரவேற்பறையின் கம்பளத்தில்...

நிஜப் பிணம்!

எகோன் பால்க்கே. கதாநாயகன். வயது இருபத்தொன்பது.

கதைப்படி கதாநாயகி ஹெர்த்தா சுட வேண்டும். சுட்டாள். வெற்றுத் தோட்டா இருக்க வேண்டிய துப்பாக்கியில் ஈயக் குண்டு இருந்தது. ஒப்பனை அறையில் அவள் இன்னும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவின் கதவுகளைப் பூட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் லூடெக்கே எல்லோரையும் விசாரித்தார். கடைசியாகக் குவாஸ்டிடம் வந்து, ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல உங்க படம் ஒண்ணுகூட விடமாட்டேன் சார். கரி சுமந்த கூலில பாதி உங்களுக்குத்தான்."

"அப்ப படம் பேசாது. நானும் பொழச்சேன்."

உண்மைதான். ஊமைப்படக் காலத்தில் நடிகராக நாற்பத்தொரு படங்கள். படம் பேச ஆரம்பித்ததும் அவருடைய கீச்சுக் குரலுக்குத் தியேட்டரே சிரித்தது. இயக்குநரானார். மூன்று படம். மூன்றும் படுத்துவிட்டன. இந்தப் படத்தோடு சரி என்று தயாரிப்பாளர் போன வாரம் சொல்லிவிட்டார்.

எல்லோரும் லூடெக்கேயிடம் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். எந்தக் காட்சியையும் குவாஸ்ட் முதலில் தானே நடித்துக் காட்டுவார். இன்றைக்கும் கம்பளத்தில் அவர்தான் நின்றிருக்க வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டது. நீங்கள் உட்காருங்கள் என்று பால்க்கே போய் நின்றான்.

"அப்ப குண்டு உங்களுக்கு வெச்சது."

"அப்படித்தான் தெரியுது."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"என்னைப் பிடிக்காதவங்கள நிக்க வெச்சா இந்த ஸ்டுடியோ பத்தாது."

லூடெக்கே சிரிக்கவில்லை.

"நீங்க நடிச்சுக் காட்டுறத படம் பிடிக்க மாட்டாங்களாம். இன்னிக்கு மட்டும் கேமராவ ஓட்டச் சொன்னீங்களாமே... ஏன் சார்?"

குவாஸ்ட் இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

"துப்பாக்கிய கடைசியா கையில வாங்கிப் பார்த்ததும் நீங்கதான்."

குவாஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவ... நடிகனா செத்துப் போகலாம்னு நெனச்சேன்."

"சரி. ஹெர்த்தா ஒரு நிமிஷம் வசனம் பேசிட்டுத்தான் சுட்டா. நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சிவப்பு விளக்கு எரிஞ்சுது."

அது எரிந்தால் ஒலி பதிவாகிறது என்று அர்த்தம். யாரும் இருமக்கூட மாட்டார்கள். இருமிய தச்சன் ஒருவனைப் போன மாதம் குவாஸ்டே வேலையை விட்டுத் துரத்தியிருந்தார்.

"அதுக்காகவா வாய மூடிட்டு இருந்தீங்க?"

"மொதல்ல அதுக்காகத்தான்."

குவாஸ்டின் உதடு கோணியது.

"அப்புறம்... பய நல்லா நடிச்சான். நிறுத்த மனசு வரல."

லூடெக்கே மரப்பெட்டியை விட்டு எழுந்தார். பிறகு விலங்கை எடுத்தார்.

குவாஸ்ட் ஆவலாகக் கைகளை நீட்டினார்.

"கொலைக்குத் தலைவெட்டுதானே தண்டனை... என் தலைய எப்ப எடுப்பாங்க?"

"தலையா? நீங்க கொல்லப் பார்த்தது உங்களத்தான். வாய மூடிட்டு இருந்ததையும் கவனக்குறைவும்பான் வக்கீல். அஞ்சு வருஷம் கழிச்சு தலையோடயே வெளிய வருவீங்க."

குவாஸ்டின் முகத்தில் முதல்முறையாக நிஜமான பயம் தெரிந்தது.

"அப்ப பால்க்கேக்கு நான் குடுக்க வேண்டிய சாவு பாக்கி."