அக்காவின் கேடியும் ஆறு பாட்டில் தண்ணீரும்

என் அக்கா ஒரு கேடியோடு ஊர் ஊராகப் போகிறாள் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே எங்கள் டீச்சர் அம்மாவுக்கு போன் செய்துவிட்டார்.

“அய்யோ, கேடின்னா போக்கிரி இல்லைங்க டீச்சர்,” என்று அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். “கோல்ஃப் ஆடுறவங்களோட பையைத் தூக்கிக்கிட்டு கூடவே வந்து, எப்படி அடிக்கணும்னு யோசனை சொல்ற ஆளு. அவரத்தான் அப்படிச் சொல்றாங்க.”

அக்காவின் பெயர் தமிழ்செல்வி. வயது இருபத்தொன்று. பள்ளியில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவளை ஒரு பயிற்சியாளர் கோல்ஃபுக்கு இழுத்துவிட்டார். போன வருஷம் அவள் தொழில்முறை ஆட்டக்காரி ஆகிவிட்டாள். அவளுக்குப் பந்தும் குழியும் தவிர வேறு எதுவும் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து எங்கள் வீட்டார் அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூர் வந்து பதிமூன்று வருஷமாகிறது. இன்றைக்கும் பக்கத்து வீட்டு மாரம்மா அத்தை தெலுங்கில் ஏதாவது கேட்டால், அக்கா “ம், ம்” என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

நான் ரஞ்சிதா. ஆறாம் வகுப்பு. ஓசூரிலேயே பிறந்தவள். பாதி நேரம் மாரம்மா அத்தை வீட்டில்தான் இருப்பேன். அம்மா தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.

கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினெட்டுக் குழி இருக்கும். குறைவான அடிகளில் பந்தைக் குழியில் போடுபவர் கெட்டிக்காரர். அக்கா ஆடும் போட்டி மூன்று நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் முதல் முப்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு ‘கட்’ என்று பெயர். அக்கா ஐந்து போட்டிகளுக்குப் போனாள். ஐந்திலும் கட். எங்கள் தெருவில் கரண்ட்கூட அத்தனை தடவை கட் ஆகவில்லை.

ஆறாவது போட்டி காலாண்டு விடுமுறையில் வந்தது. எல்லை தாண்டி இருபது நிமிஷத்தில் போய்விடலாம், கர்நாடகாப் பக்கம் இருக்கும் ஒரு மைதானம். அதற்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தலை நிமிராமல் சொன்னாள்.

“உங்க கம்பெனி ஆபீஸ்ல ஒரு வேலை காலியா இருக்குன்னீங்களேப்பா. என் பேரக் குடுத்து வைங்க. இதுலயும் கட்டுன்னா திங்கக்கிழம சேந்துடறேன்.”

அப்பா “ம்” என்று மட்டும் சொன்னார். அம்மா சாம்பார் ஊற்ற வந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அக்கா கோல்ஃப் ஆடாமல் ஆபீசில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை போலிருக்கிறது. ரசம் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டாள்.

ஒவ்வொரு மைதானத்திலும் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேடியாகக் கொடுப்பார்கள். இந்தத் தடவை வந்தவர் திம்மராயன். நாற்பது வயது இருக்கும். போச்சம்பள்ளிக் கம்பெனி பஸ்ஸில் எட்டு வருஷம் கிளீனராக இருந்துவிட்டு மைதானத்துக்கு வந்தவர். அங்கே இருக்கும் ஒவ்வொரு புல்லும் அவருக்குத் தெரியும் என்றார்கள்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியிலேயே ஒரு கூத்து நடந்துவிட்டது. அக்கா பந்தை அடிக்கத் தயாராக நின்றாள். திம்மராயன் “ரைட்டு, ரைட்டு” என்றார். அக்கா வலது பக்கம் திரும்பி அடித்தாள். பந்து நேராகக் குளத்துக்குள் போய் விழுந்தது.

“என்னங்கண்ணா, ரைட்டுன்னு சொன்னீங்களே,” என்றாள் அக்கா.

“ஆமா மேடம். ரைட்டுன்னா போலாம், அடிங்கன்னு அர்த்தம்.”

பஸ்ஸில் எட்டு வருஷம் ‘ரைட்டு’ சொன்ன வாய். அதை யாரும் குறை சொல்ல முடியாது. “இனிமே அந்த வார்த்தையே வேண்டாங்கண்ணா,” என்று அக்கா சொன்னாள். அவரும் பயபக்தியோடு தலையாட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

புதன்கிழமை முதல் நாள் ஆட்டம். அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். ஆட்டக்காரர்கள் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

அக்கா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ரஞ்சி, ஆட்டம் முடியற வரைக்கும் எனக்கு யோசனை சொல்லலாம்னா, அது கேடி மட்டுந்தான். நீ அங்கருந்து ஒரு வார்த்த கத்தினாலும் எனக்குத்தான் வம்பு. புரிஞ்சுதா?”

“நான் எப்பக்கா கத்தினேன்?” என்றேன். அப்பா வானத்தைப் பார்த்தார்.

தூரத்திலிருந்து பார்த்ததில் ஆட்டம் விசித்திரமாக இருந்தது. அக்கா நன்றாகத்தான் அடித்தாள். பந்து அழகாகப் பறந்து, கொடி நட்டிருக்கும் வழவழப்பான புல்தரையில் விழுந்தது. அந்தத் தரையைக் கிரீன் என்பார்கள். அதில் மேடு பள்ளம் இருப்பது கண்ணுக்கே தெரியாது. பந்தை எந்தப் பக்கமாக உருட்ட வேண்டும் என்று பழகிய கேடிதான் சொல்ல வேண்டும். திம்மராயனும் குனிந்து பார்த்து ஏதோ சொன்னார். உடனே அக்கா பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு பந்தை நேராக உருட்டினாள். அது குழியை விட்டு விலகிப் போயிற்று.

அடுத்த குழியில் அவர் ஏதோ சொன்னார். அக்கா இரண்டு அடி நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள். பந்து மறுபடியும் விலகிப் போயிற்று. அதற்கடுத்ததில் திரும்பவும் தண்ணீர்.

“என்னத்துக்கு இப்படித் தண்ணியக் குடிக்கிறா?” என்று அப்பா கவலைப்பட்டார். ஒன்பதாவது குழி முடிந்ததும் அக்கா கழிப்பறைக்கு ஓடினாள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஓடினாள்.

பதினாலாவது கிரீன் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கேதான் முதன்முதலாக திம்மராயனின் குரல் என் காதில் விழுந்தது.

“கொஞ்செம் குடி, மேடம்.”

அக்கா பாட்டிலைத் திறந்தாள். குடிக்க முடியாமல் குடித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் மாரம்மா அத்தை மாதிரி தெலுங்கு பேசுகிறவர். தெலுங்கில் குடி என்றால் வலது பக்கம். ‘கொஞ்சம் வலது பக்கமாக உருட்டுங்கள்’ என்று அவர் சொல்கிறார். அக்காவோ தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக உருட்டுகிறாள்.

அடுத்த குழியில் அவர், “கொஞ்செம் எடம,” என்றார். எடம என்றால் இடது பக்கம். அக்கா பாவம், ‘கொஞ்சம் எடம் விடுங்க’ என்று கேட்கிறார் போல என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

வாய் வரை வந்துவிட்டது. ‘அக்கா, குடின்னா ரைட்டு’ என்று ஒரு கத்து கத்தினால் போதும். ஆனால் கத்தினால் வம்பு அவளுக்குத்தான். துப்பட்டா நுனியை வாயில் திணித்துக்கொண்டேன். அப்படியே மீதி மூன்று குழிகளும் நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததே இல்லை. தூக்கத்திலும் பேசுவேன் என்று அம்மா சொல்வாள்.

அன்றைய முடிவில் அக்காவுக்கு நாற்பத்தொன்றாவது இடம். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“நல்ல மனுஷன்ப்பா அவரு. வெயில்ல வாடிடுவேன்னு தண்ணி குடி, தண்ணி குடிங்கறாரு. ஆறு பாட்டில் ஆச்சு. ஆனா எப்படி உருட்டணும்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறாரு. நாளைக்கு வேற ஆள் கேக்கப் போறேன்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். திம்மராயன் சற்றுத் தள்ளி வேப்ப மரத்தடியில் அக்காவின் மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. அக்காவிடம் நான் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவர் காதில் எப்படி விழும் என்று தோன்றியது. அதனால் முதலில் அவரிடம் போனேன்.

“என்னங்க மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று தெலுங்கில் கேட்டேன்.

தன் பாஷையைக் கேட்டதும் அவருக்கு மனசு திறந்துகொண்டது. “என்ன பாப்பா சொல்றது? வலது பக்கம்னு சொல்றேன், மேடம் தண்ணி குடிக்கிறாங்க. இடது பக்கம்னு சொல்றேன், என்னை விட்டு ஒதுங்கிப் போறாங்க. நான் சொல்றதை ஒரு தடவைகூட கேக்கலை. ஓசூர் பொண்ணு, நம்ம பாஷை தெரியும்னு சந்தோஷப்பட்டேன்.”

“அக்காவுக்குத் தெலுங்கு தெரியாது மாமா. நீங்க குடின்னு சொன்னீங்க. அவ குடிச்சா.”

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கண்ணா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்,” என்றாள்.

“சரி, இனிமே வலது, இடதுன்னு தமிழ்லயே சொல்லிடறேன் மேடம்,” என்றார் அவர்.

“அவசரத்துல உங்க வாயில குடின்னுதான் வரும் மாமா,” என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவர் வாய்க்குப் பழகிய வார்த்தையாகவும் இருக்க வேண்டும், அக்காவைத் தண்ணீர் குடிக்க வைக்காத வார்த்தையாகவும் இருக்க வேண்டும். எனக்கு அவருடைய பஸ் ஞாபகம் வந்தது.

“பஸ்ல வலது பக்கம் யார் உக்காருவாங்க?”

“டிரைவர்.”

“அப்ப டிரைவர் பக்கம்னு சொல்லுங்க.”

“அய்யோ, வேண்டாண்டி,” என்று அக்கா பதறினாள். “டிரைவர்னா என்னோட பெரிய மட்டை. அவர் டிரைவர்னா நான் கிரீன்ல போய் அத எடுத்து வீசிடுவேன். பந்து பக்கத்தூரு ஆனேக்கல்ல போய் விழும்.”

கடைசியில் வலது பக்கத்துக்கு ‘ஸ்டீரிங் பக்கம்’ என்றும், இடது பக்கத்துக்கு ‘படிக்கட்டுப் பக்கம்’ என்றும் முடிவு செய்தோம். பயிற்சிக் கிரீனில் வெளிச்சம் இருக்கும் வரை ஒத்திகை பார்த்தார்கள். ஒரு தடவைகூட யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். “ஸ்டீரிங் பக்கம், ரெண்டு விரல்,” என்பார் திம்மராயன். பந்து வளைந்து போய்க் குழியில் விழும். “படிக்கட்டுப் பக்கம், ஒரு சாண்.” விழும். கூட ஆடிய பெங்களூர் அக்காவின் கேடி, சுற்றுமுற்றும் பஸ் எங்கே நிற்கிறது என்று தேடினார்.

நாற்பத்தொன்று முப்பத்தாறானது. முப்பத்தாறு முப்பத்து மூன்றானது. அப்பா போனில் பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக் குழிக்கு வந்தபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இத ஒரே உருட்டுல போட்டா முப்பதாவது இடம். இல்லன்னா கட்.”

குழிக்கும் பந்துக்கும் நடுவில் எங்கள் வீட்டு ஹால் நீளம் இருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தரை வலது பக்கம் சரிவது போல் தெரிந்திருக்க வேண்டும். இடது பக்கம் குறிவைத்து நின்றாள். திம்மராயன் ‘இல்லை’ என்பது போல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“ஸ்டீரிங் பக்கம், மேடம். மூணு விரல்.”

அக்கா தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நேற்று வேறு ஆள் கேட்கப் போகிறேன் என்றவள், இன்று ஒரு வார்த்தை கேட்காமல் கால்களை மாற்றி வைத்து நின்றாள். பந்தை உருட்டினாள். அது வலது பக்கமாகவே போனது. போய்விட்டது என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் மெதுவாகத் திரும்பி, யோசித்து, குழிக்குள் விழுந்தது.

அக்கா மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். திம்மராயன் கொடியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

எத்தனை அடி என்று குறித்த அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா கயிற்றைத் தாண்டி வந்தாள். “நாளைக்கும் ஆடறேன்ப்பா,” என்றாள். பிறகு தயங்கினாள். “அந்த வேலைக்குக் குடுத்த என் பேர எடுத்துருங்கப்பா. உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?”

“நான் குடுத்திருந்தாத்தானேத்தா எடுக்கிறதுக்கு,” என்றார் அப்பா.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயங்கரப் பசி. ஆனாலும் அவள் அழுது முடிக்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.