வலது கதவின் வட்டங்கள்

“அந்தக் கையை எடுங்க முதல்ல!”

கத்திய பிறகுதான் கினாந்திக்கே உறைத்தது... எதிரே நிற்பவன் கடைக்கு வந்தவனே இல்லை. சோலோ நகரத்து டிசம்பர் மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்ட, சட்டென்று கூரைக்கடியில் வண்டியைச் செருகியிருக்கிறான். அவ்வளவுதான். கறுப்பு கிஜாங் வண்டி. கையில் கைக்குட்டை. கதவில் வழியும் சேற்றுத் தண்ணீரைத் துடைக்கப் போனவன், அந்தக் கை அந்தரத்தில் நிற்கத் திருதிருவென்று விழித்தான்.

“நான்... மழைக்கு ஒதுங்கினேன், ம்பாக்.” அந்த ஊரில் இளம்பெண்களை அக்கா என்பதுபோல் மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. “இதோ கிளம்பிடறேன்.”

“கிளம்புங்க, நிக்குங்க, அது உங்க இஷ்டம். ஆனா மண்ணோட சேர்த்துத் துணி போட்டுத் தேய்க்காதீங்க! உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதும் அதுவும் ஒண்ணுதான்.”

“இது கைக்குட்டை, ம்பாக்...”

“பட்டுத் துணியா இருந்தாலும் மண்ணு மண்ணுதானே?”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாளா? கார் பாலிஷ் கடையில் ஆறு வருஷமாக விளக்கும் கையுமாக இருப்பவள். வெள்ளை விளக்கை இழுத்து வலது பக்க முன்கதவில் காட்டினாள். கறுப்பு மினுமினுப்புக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள், சிலந்தி வலை மாதிரி, வட்டம் வட்டமாக...

“பார்த்தீங்களா? எந்தப் புத்திகெட்டவர் தினமும் காய்ஞ்ச துணியால இதைத் தேய்க்கிறாரு?”

அவன் காது மடல் சிவந்துபோனது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். அப்புறம் மெதுவாக, “நான்தான்” என்றான்.

கினாந்திக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்ற வேண்டுமே! சாரல் படிந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, டிஷர்ட் ஓரத்தால் பரபரவென்று தேய்த்தாள்.

“ஐயையோ! சட்டையில துடைக்காதீங்க!” இந்த முறை கத்தியது அவன்.

“ஏன்?”

“லென்ஸ் பூரா கீறல் விழும். தூசியோட சேர்த்துத் தேய்க்கலாமா? இப்பதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க?”

பாசார் கெடே சந்தைப் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையாம். பெயர் சேனோவாம். கண்ணாடியை அவள் கையிலிருந்து வாங்கி, மழைத் தண்ணீரில் நீட்டிக் கழுவி, பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்து ஒற்றி ஒற்றித் துடைத்துத் தந்தான். அவள் மாட்டிக்கொண்டாள். அதுவரை மங்கலாக இருந்த முகம் சட்டென்று தெளிந்தது... மழை பார்த்து வளர்ந்த மாதிரி ஈரமான, அமைதியான இரண்டு கண்கள். ஒரு வினாடி அதிகமாகவே பார்த்துவிட்டாள். அவனும்தான்.

ஒதுங்க வந்தவன், கீறல்களைப் போக்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனான். பதிவுத் தாளை வலது கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டான். அதைக் கினாந்தி கவனித்து வைத்துக்கொண்டாள். ஏன் கவனித்தாள் என்று அவளைக் கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் தேய்க்க உட்கார்ந்தபோது குழப்பம் ஆரம்பித்தது.

வருஷக்கணக்கில் கீறல் பார்ப்பவளுக்கு, துடைத்தவரின் கையே கண்ணுக்குத் தெரியும். இந்த வட்டங்கள் எல்லாம் இடது கையால் போட்டவை. அதுவும் ஜன்னலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை, முழங்கால் உயரத்திலிருந்து ஜன்னலின் கீழ் விளிம்புவரைதான். நல்ல குள்ளமான ஆள். வேறு கதவுகளில் ஏதோ பேருக்கு நாலு கோடு. ஓட்டுநர் ஏறும் அந்த ஒரு கதவில் மட்டும் தடவித் தடவி, கொஞ்சிக் கொஞ்சி...

சேனோவோ தென்னை மரம் மாதிரி உயரம். எழுதுவது வலது கையால்.

பொய் சொல்லியிருக்கிறான்!

“குள்ளமான ஆளு, இடது கை, புருஷன் ஏறுற கதவு மட்டும் பளபளன்னு இருக்கணும்னு தினமும் துடைக்கிற மனசு...” உள்ளிருக்கைகளைச் சுத்தம் செய்யும் ம்பாக் யாயுக் விரல் விட்டு எண்ணினாள். “பொண்டாட்டிதான். இதுல என்னடி சந்தேகம்?”

“பொண்டாட்டியா இருந்தா எனக்கு என்ன?”

“உனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அரை மணி நேரமா அதே இடத்தைத் தேய்க்கிறியே, அதான் கேட்டேன்.”

ஜனவரியில் அவன் மறுபடி வந்தான். அதே கதவு, அதே வட்டங்கள். பிப்ரவரியில் வந்தான். அப்போதும் அதே.

“மாஸ், நான் சொன்னது ஒண்ணையும் நீங்க கேக்கறதில்லை. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணை இறக்கணும், அப்புறம்தான் கை வைக்கணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. நீங்க மட்டும் கேக்கறீங்களா? இன்னைக்கும் சட்டையிலதான் துடைச்சிருக்கீங்க. லென்ஸைப் பார்த்தாலே தெரியுது.”

“என் கண்ணாடி, என் சட்டை.”

“என் கார், என் கை.”

“உங்க கை இல்ல அது!” வாய் முந்திக்கொண்டது. சேனோ சிரிப்பை நிறுத்தினான். காது மடல் சிவந்தது. மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரி... அப்படியென்றால் பொண்டாட்டி இருக்கிறாள்.

சோலோவில் முன்பின் தெரியாத இளைஞனையும் ‘மாஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கூடப் பிறந்த அண்ணனும் மாஸ்தான், கைபிடித்த கணவனும் மாஸ்தான். என்ன ஊரோ! கடைக்கு வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இவனைக் கூப்பிடும்போது மட்டும் ஏன் நாக்கு தடுக்குகிறது? வீட்டில் ஒருத்தியை வைத்துக்கொண்டு ஏன் இவன் இப்படிப் பார்க்கிறான்? அவன் பார்ப்பதாகத் தனக்குத்தான் தோன்றுகிறதா? விளக்கைப் பிடித்து எந்தக் கீறலையும் கண்டுபிடிப்பவளுக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

மார்ச் மாதம் அவன் நாலாவது முறை வந்தபோது, கினாந்தி பூச்சின் தடிமன் பார்க்கும் மீட்டரைக் கதவில் வைத்தாள். எண்ணைப் பார்த்ததும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள், அதே எண்தான்.

கீறலைப் போக்குவது என்றால் கீறலை அழிப்பது இல்லையே. அதைச் சுற்றியுள்ள மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்கு இறக்குவதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு படலம் போகும். போனது போனதுதான். இந்தக் கதவு இன்னும் ஒரே ஒரு தேய்ப்பைத் தாங்கும். அதற்கப்புறம் கை வைத்தால் நிறமே கிளம்பி வந்துவிடும்.

சொல்லாமல் இருந்தால் அடுத்த மாதமும் வருவான். அதற்கடுத்த மாதமும் வருவான். பூச்சு ஒரு நாள் பல்லைக் காட்டும், அவ்வளவுதானே? சொல்லிவிட்டால்... துடைக்கும் முறையை அந்த இடது கைக்காரிக்குச் சொல்லித் தந்துவிட்டால்... கீறலே விழாது. அவனும் வர மாட்டான்.

சே, என்ன புத்தி இது! அடுத்தவள் ஆசையாகத் துடைக்கிற கதவு, தன் கையால் வீணாவதா? அவளுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

“மாஸ் சேனோ, இதுதான் கடைசித் தடவை.” மீட்டரைக் கீழே வைத்தாள். “இதுக்கு மேல தேய்க்க இந்தக் கதவுல பூச்சு இல்ல.”

“இனி... வர வேண்டாம்னு சொல்றீங்களா?”

“வர வேண்டியிருக்காது.” நீளமான மெத்தென்ற இழைகள் கொண்ட கையுறை ஒன்றை நீட்டினாள். “வீட்டுல துடைக்கிறவங்ககிட்டக் கொடுங்க. ரெண்டு பக்கெட் வேணும். ஒண்ணுல சோப்புத் தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி. முதல்ல ஊத்திக் கழுவணும். அப்புறம் இதால மேலோட்டமா, நேர்க்கோடா, அழுத்தாம. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில அலசிட்டுத்தான் மறுபடி சோப்புல நனைக்கணும். காய்ஞ்ச துணி கதவுப் பக்கமே போகக் கூடாது. இடது கைக்கும் சரியா இருக்கும்.”

“இடது கைன்னு எப்படி...?”

“கதவே சொல்லுச்சு.”

அவன் கையுறையை வாங்கிக்கொண்டான். ஏதோ சொல்ல வந்தான். அவள் விருட்டென்று திரும்பிப் போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பாஞ்சை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

ஏப்ரல் போனது. அவன் வரவில்லை. மே வந்தது, மழையும் நின்றுவிட்டது. நல்லதுதானே, கையுறை வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இந்த அழுகை எதற்கு?

“போய்த்தான் பாரேன்டி,” என்றாள் யாயுக். “பதிவுத் தாள்ல விலாசம் இருக்கு. மீட்டர் வச்சுக் கதவைச் சோதிக்க வந்தேன்னு சொல்லு. கடையிலிருந்து போறதுல என்ன தப்பு?”

“அவங்க வீட்டம்மா என்ன நினைப்பாங்க?”

“கதவை நல்லா வச்சிருக்காங்களான்னு அவங்களையே கேளு. கேட்டுட்டு, மனசைக் கழுவிட்டு வா.”

ஒரு மாலை நேரம், லவேயான் பக்கத்துச் சந்துக்குள் பைக்கைத் திருப்பினாள். வாசலில் கறுப்பு கிஜாங் நின்றது. அதன் வலது கதவோரம் ஒரு சக்கர நாற்காலி. அதில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது. இடது கையில் அவள் தந்த கையுறை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பக்கத்தில் இரண்டு பக்கெட்டுகள். அலசி, நனைத்து, முழங்கால் உயரத்திலிருந்து ஜன்னல் விளிம்புவரை நேர்க்கோடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

கினாந்தி பைக்கை அப்படியே நிறுத்தினாள். எந்தப் புத்திகெட்டவர்... என்றல்லவா கேட்டாள்!

“வாம்மா. கையுறை கொடுத்த ம்பாக் நீதானே?” வார்த்தைகள் கொஞ்சம் குழறின, கண்கள் மட்டும் பளிச்சென்று சிரித்தன. “அவன் சொன்ன மாதிரியே சட்டை ஓரம் கசங்கியிருக்கே, அதை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். நான் துகிமான். சேனோவோட அப்பா.”

“பாக்... ஐயா, நீங்களா துடைக்கறீங்க?”

“இருபத்தாறு வருஷம் முதலாளிக்கு இந்த வண்டியை ஓட்டினேன். கடைசியில எனக்கே கொடுத்துட்டாரு. இந்தக் கதவைத் திறந்துதான் ஏறுவேன். இப்ப ஏற முடியல. தொட்டாவது பார்க்கலாமேன்னு...” கையுறையை அலசினார். “கீறல் விழுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அவன் சொல்லவும் இல்ல. யாராவது எதுவும் கேட்டா, நான்தான்னு தலையைக் கொடுத்துடுவான். மாசா மாசம் உன்கிட்டக் கொண்டுவந்து சரி பண்ணி நிறுத்துவான். கையுறை வந்தப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது.”

அவள் அப்படியே மண்டியிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மன்னிச்சிடுங்க, பாக். நான் முதல் நாள் ரொம்ப மோசமா பேசிட்டேன்.”

“அதை விடு. இப்ப ஒரு கீறல் இருக்கான்னு பாரு. இருக்காது! அதான் அவனுக்குப் பெரிய கவலை.”

“கவலையா?”

“தினமும் டார்ச் அடிச்சுத் தேடறான். ஒண்ணும் கிடைக்கல. போன வாரம் வந்து கெஞ்சறான்... ‘அப்பா, ஒரே ஒரு தடவை, காய்ஞ்ச துணியால தேய்ங்களேன்’னு. முடியாதுன்னுட்டேன். ம்பாக் சொன்னா சொன்னதுதான்.”

கினாந்தி சிரித்தாளா, அழுதாளா... இரண்டும்தான். அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கிய சேனோ அவளைப் பார்த்ததும் சாவியைக் கீழே போட்டான்.

“நீங்க... இங்க...?”

“மீட்டர் வச்சுப் பார்க்க வந்தேன்.”

“மீட்டர் எங்க?”

கையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மீட்டர் கடையிலேயே இருந்தது.

“டேய், நீ என்கிட்டக் கெஞ்சினதைச் சொல்லிட்டேன்,” என்றார் துகிமான்.

சேனோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “வர வேண்டாம்னு சொன்னீங்க. கீறல் இல்லாம என்ன சொல்லிக்கிட்டு வர்றது? மழை பெஞ்சா ஒதுங்கற மாதிரி வரலாம்னு பார்த்தேன். மழையும் நின்னுபோச்சு.”

“நான்... உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“எனக்கா? யாரோட?”

“குள்ளமா ஒருத்தங்க. இடது கைக்காரங்க. உங்க மேல உயிரா இருக்கறவங்க.”

துகிமான் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். “அந்தப் பொண்ணு நான்தானா?”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சிரிப்பு அடங்கியும் கினாந்தியின் கண்ணீர் அடங்கவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அந்தக் கையுறையைக் கொடுத்தா நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன், மாஸ். கொடுத்த நாள்லேருந்து எனக்கு எந்த வேலையும் ஓடல. எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவன் குனிந்து சாவியை எடுத்தான். “முதல் நாளே,” என்றான் கடைசியில். “‘கையை எடுங்க’ன்னு கத்தினீங்களே, அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு.”

கண்ணாடி முழுக்க நனைந்து அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அதைக் கழற்றி, பழக்க தோஷத்தில் டிஷர்ட் ஓரத்தைத் தூக்கினாள்.

“சட்டையில துடைக்காதே!”

அப்பாவும் மகனும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். சேனோ பக்கத்தில் வந்து, நல்ல தண்ணி பக்கெட்டில் கண்ணாடியை முக்கி எடுத்து, பையிலிருந்த துணியால் ஒற்றித் துடைத்து, அவனே அவள் காதில் மாட்டிவிட்டான்.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது, மாஸ்,” என்றாள். இந்த முறை நாக்கு தடுக்கவே இல்லை.